உப்பளமும் ஈரநிலமே

சித்திரை வெயிலில் தூத்துக்குடி உப்பளத்து வரப்பில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அந்த வரப்பில்தான் உப்புக்கொத்தி முட்டையிடுகிறது. கூடு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. தரையில் ஒரு சிறு குழி, நடுவே மண்ணின் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டைகள். சேவலும் பெட்டையும் மாறி மாறி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து உட்கார்கின்றன. முட்டை வெயிலில் வெந்துவிடாமல் இருக்கத்தான் அந்த ஈரம். நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா, ஆள்காட்டி ஆகியவையும் உப்பளத் தரையை நம்பியே குஞ்சு பொரிக்கின்றன.

முட்டை பொரிய மூன்றரை வாரம் போல ஆகும். உப்புக்கொத்திக் குஞ்சு பொரிந்த ஓரிரு நாளில் தானே ஓடத் தொடங்கிவிடும். ஆக, ஒரு கூட்டுக்கு நாம் தர வேண்டிய அவகாசம் ஒரு மாதம்கூட இல்லை. அது கிடைப்பதில்லை என்பதே குறை. உப்பு விளையும் பருவமும் பறவை முட்டையிடும் பருவமும் ஒன்றாக வருகின்றன. வரப்பில் புதுமண் போட்டால் முட்டை புதைந்துபோகும். காய்ந்த பாத்தியில் தண்ணீரைத் திறந்துவிட்டால் மூழ்கிப்போகும். லாரி வரும் தடத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். தொழிலாளி யாரும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை. கண்ணைக் கூசவைக்கும் வெண்மையில் நாள் முழுக்கக் குனிந்து உப்பு வாருகிறவருக்கு, மண்நிற முட்டை தென்படுவதே அரிது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிலையாக வாழும் உப்புக்கொத்தி ஒன்று, தனி இனம் என்று 2023-இல் அறிவியலாளர்களால் நிறுவப்பட்டது. அனுமன் உப்புக்கொத்தி என்று அதற்குப் பெயர். வேறெங்கோ போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று அதை விட்டுவிட முடியாது. அதன் உலகமே நம் கரையும் எதிர்க்கரையும்தான்.

இந்தப் பறவைகளின் வாழிடத்தைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், உப்பு உற்பத்திக்கென அமைத்த இடங்களை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே நீக்கிவிட்டன. ராம்சர் உடன்படிக்கையோ மனிதர் உருவாக்கிய ஈரநிலங்களின் வரிசையில் உப்பளத்தையும் சேர்த்திருக்கிறது. அந்த உடன்படிக்கையில் இந்தியா 1982 முதல் உறுப்பு நாடு. உலக அரங்கில் ஒப்புக்கொண்டதை உள்நாட்டில் மறுப்பது சரியல்ல. அந்த விலக்கு நீக்கப்பட வேண்டும்.

கூடு இருப்பது தெரிந்தால் வனத்துறை வந்து வேலையை நிறுத்திவிடுமோ என்ற அச்சம் அளம் நடத்துகிறவர்களுக்கு எழுவது இயல்பு. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் உப்புத் தொழில் நடப்பதால்தான் இந்தப் பறவைகள் அங்கே இருக்கின்றன. கைவிட்ட அளத்தில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டால், அல்லது அது இறால் பண்ணையாகிவிட்டால், திறந்த தரை தேடும் பறவைக்கு அங்கே இடமில்லை. ஆகவே, தொழில் நிற்காது என்ற உறுதியை அரசு எழுத்திலேயே தர வேண்டும். கூடு உள்ள வரப்பை மட்டும் நான்கு வாரம் தொடாமல் விட்டால் போதும்.

இது நடக்காத காரியமில்லை. பிரான்சில் கமார்க் பகுதி உப்பளத்தில் பூநாரைகளுக்காக 1970-இல் ஒரு செயற்கைத் தீவு அமைத்தார்கள். 1974-இல் பூநாரைகள் அங்கே கூடு கட்டத் தொடங்கின. நமக்கு அவ்வளவு செலவுகூட இல்லை. கூட்டுக்கு அருகே நான்கு குச்சி நட்டு ஒரு துணி கட்டவும், பாத்திக்கு நீர் விடுமுன் வரப்பை ஒருமுறை நடந்து பார்க்கவும் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் உப்பளத் தொழிலாளியாகவே இருக்கட்டும். மழைக்காலத்தில் வேலையிழக்கும் அவருக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. கூடு காத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தவருக்குத் தனியே ஊக்கத்தொகை தருவது பெரிய சுமையாகாது.

மத்திய விதிகள் திருந்தும்வரை தமிழக அரசு காத்திருக்கத் தேவையில்லை. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்துக்குச் சொந்த அளங்கள் இருக்கின்றன. ‘நெய்தல்’ என்ற பெயரில் உப்பு விற்பதும் அதே நிறுவனம்தான். வரும் பங்குனியில், முட்டைகள் விழத் தொடங்குமுன், முதல் ஆணை அங்கிருந்து வரட்டும்.