சுட்டது மகாராஜா, காலி செய்தது சகாரியா

வண்டலூர் சிங்க சஃபாரிக்குப் போனவர்களுக்குத் தெரியும்: மனிதர்கள் அடைத்த வண்டிக்குள், சிங்கம் வெளியே. நல்லது, திரியட்டும். சிங்கத்தோடு நமக்கு எந்த வழக்கும் இல்லை. வேலி போட்ட பூங்காவைத் தாண்டி, மக்கள் வாழும் காட்டிலேயே இதை நடத்தும்போதுதான் கேட்க வேண்டியிருக்கிறது: அங்கே இருந்த மனிதர்கள் எங்கே?

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகள் விமானத்தில் குவாலியர் வந்து, அங்கிருந்து ஹெலிகாப்டரில் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குப் போயின. பிரதமர் தன் பிறந்தநாளில் கூண்டைத் திறந்துவிட்டார். 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்னும் 12 வந்தன. சுற்றுலா பெருகும், வேலை கிடைக்கும் என்றார்கள்.

அந்தக் காடு தானாகக் காலியாகவில்லை. கிர் சிங்கங்களைக் கொண்டுவரப்போவதாகச் சொல்லி, 1990களின் இறுதியிலிருந்து 24 கிராமங்களை வெளியேற்றினார்கள். 1,500க்கும் மேற்பட்ட குடும்பங்கள், பெரும்பாலும் சகாரியா பழங்குடிகள். பிசின் எடுத்துப் பிழைத்தவர்கள் கூலிகளானார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் குஜராத் ஒரு சிங்கத்தைக்கூடத் தரவில்லை. பிறகு சிவிங்கிப்புலிக்காக பாக்சா கிராமத்தையும் நகர்த்தினார்கள்.

இந்தியாவின் கடைசிச் சிவிங்கிப்புலிகள் மூன்றை 1947இல் சுட்டவர் கொரியா மகாராஜா என்பதே பதிவு. சுட்டது அரண்மனை, அதற்கு ஈடாக வீட்டைக் கொடுத்தது குடிசை. இதற்குப் பெயர் இயற்கைப் பாதுகாப்பு என்றால், அதில் சாதி இல்லை என்று யார் சொல்வது?

“விருப்பப்பட்டுத்தானே போனார்கள், இழப்பீடும் வாங்கினார்களே” என்பார்கள். பள்ளியும் மருத்துவமனையும் எட்டிப் பார்க்காத ஊரில், “வெளியே வந்தால் எல்லாம் கிடைக்கும்” என்பது சம்மதம் கேட்பதா, நிர்ப்பந்தமா?

குனோ எங்கோ இருக்கிறது என்று திருவண்ணாமலைக்காரர்கள் இருந்துவிட முடியாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் நம் மாவட்டத்தவர், ஜவ்வாது மலைப் பழங்குடிகளும் அதில் உண்டு. டிக்கெட்டோடு காட்டுக்குள் போகிறவர் சுற்றுலாப் பயணி. கூலிக்குப் போகிறவர் குற்றவாளி.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: வனவிலங்குக்காக மக்களை நகர்த்துமுன் அவர்கள் உரிமையை அங்கீகரித்து முடிக்க வேண்டும், கிராம சபை விவரம் அறிந்து, எழுத்தில் சம்மதிக்க வேண்டும். நாளை ஜவ்வாது மலைக்கு ஜீப் வரலாம், பங்களா வரலாம். அதற்குமுன் மலையில் இருப்பவர்கள் கையில் பட்டா வர வேண்டும். சபையில் “வேண்டாம்” என்றால் அதுவே முடிவாக வேண்டும். விலங்குக்குத் தரும் சுதந்திரத்தை மனிதனிடமிருந்து பிடுங்கித் தராதீர்கள்.