ஏரிக்கு மேலே ஈரநிலம்: வல்லத்தில் தொடங்கட்டும்

தூர்வாரினால் ஏரியின் கொள்ளளவு கூடும். வந்து சேரும் தண்ணீரின் அழுக்கு குறையாது. செஞ்சியை அடுத்த வல்லம் ஒன்றியத்தில் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் நிலங்களிலிருந்து வடியும் மழைநீர், யூரியாவையும் டிஏபியையும் கரைத்துக்கொண்டு வரத்துக் கால்வாய்க்கு வருகிறது. ஊர்ச் சாக்கடையும் வழியில் சேர்ந்தால், பயிருக்குப் போட்ட சத்து ஏரியில் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் தீனியாகிறது. அவை மடிந்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கின்றன. உபரிநீரோடு இந்தச் சீர்கேடும் தொண்டியாறு, சங்கராபரணி வழியே வீடூர் அணை வரை போகிறது. 1959இல் கட்டப்பட்ட அந்த அணையை நம்பித் தமிழகத்தில் 2,200 ஏக்கரும் புதுவையில் 1,000 ஏக்கரும் பாசனம் பெறுகின்றன.

ஆகவே, தண்ணீர் ஏரிக்குள் இறங்கும் முன்பே அதைத் தெளியவைக்க வேண்டும். வரத்துக் கால்வாய் ஏரியைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, வயல் நிலத்தில் சிறு ஈரநிலங்களை அமைக்க வேண்டும். நிலம் தரும் விவசாயிக்கு அரசு ஆண்டுதோறும் குத்தகை தர வேண்டும்.

இதன் தொழில்நுட்பம் எளிமையானது. ஓரிரு அடி ஆழத்தில் தண்ணீர் பரந்து மெல்ல நகரும்படி வரப்பு கட்டி, கோரையும் சம்பும் நாணலும் வளர்த்தால் போதும். வேகம் குறைந்ததும் வண்டல் படிகிறது. மண்துகளோடு ஒட்டியிருக்கும் பாஸ்பரஸும் அங்கேயே தங்குகிறது. காற்றுப் புகாத சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஆனால் கோரையை உரிய காலத்தில் அறுத்து அகற்றாவிட்டால், அது அழுகி, உறிஞ்சிய சத்தையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும். எனவே கட்டும் செலவோடு பராமரிப்புச் செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள அபோப்கா ஏரியின் வரலாறு நமக்கு நல்ல பாடம். 1940களில் அதன் வடகரைச் சதுப்பை வடித்துக் காய்கறி வயல்களாக்கினார்கள். அங்கிருந்து இறைத்துவிடப்பட்ட உரநீரால் ஏரி பச்சைக் குழம்பாயிற்று. 1990களின் பிற்பகுதியில் அரசு அந்நிலங்களை விலைக்கு வாங்கியது. பழைய வயல்களில் 700 ஏக்கருக்கு மேல் ஈரநிலம் அமைத்து, 2003 முதல் ஏரித் தண்ணீரை அதன் வழியே செலுத்திச் சுத்தப்படுத்தத் தொடங்கியது.

அங்கே இரண்டு பிழைகளும் நேர்ந்தன. 1998-99இல் வயல்களில் நீர் நிரப்பியபோது இறங்கிய பறவைகள் நூற்றுக்கணக்கில் இறந்தன. மண்ணில் தங்கியிருந்த பழைய பூச்சிமருந்துகளே காரணம். அடுத்தது, நில உரிமையாளர்களுக்கு விலை கிடைத்தது. வயலில் உழைத்த கூலித் தொழிலாளர்களோ பிழைப்பை இழந்தார்கள். டிடிடி பல காலம் புழங்கிய நம் நிலங்களிலும் மண்ணைப் பரிசோதிக்காமல் தண்ணீர் தேக்கக் கூடாது. கோரை அறுப்பதும் வண்டல் எடுப்பதும் அதே நிலத்தில் வேலை செய்தவர்களுக்கே முதலில் தரப்பட வேண்டும்.

விளைநிலத்தை இதற்குக் கொடுப்பதா என்ற கேள்வி நியாயமானது. நீர்ப்பிடிப்புப் பரப்பில் நூற்றில் ஓரிரு பங்கு கிடைத்தாலே பயன் தெரியத் தொடங்கும். கால்வாயோரப் புறம்போக்கை முதலில் பயன்படுத்தலாம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி விளைச்சல் கெடும் தாழ்வான பட்டா நிலங்களை அடுத்து எடுக்கலாம். பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்க வேண்டும். கையகப்படுத்தும் பேச்சே கூடாது. ஏரியின் உள்வாயில் அமைத்து நீர்ப்பரப்பைக் குறைப்பதும் கூடாது.

ஏரிக்கு வரும் தண்ணீர் தடைபடுமோ என்ற ஆயக்கட்டுக்காரர்களின் அச்சத்துக்கும் விடை வேண்டும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தை எந்தக் கோரைப் படுகையும் தாங்காது. பெருவெள்ளம் நேரே ஏரிக்குப் போக ஒரு மாற்று வாய்க்காலும், சாதாரண வரத்தை ஈரநிலத்துக்குத் திருப்ப ஒரு மதகும் கட்டாயம். கொசுவைப் பொறுத்தவரை, தண்ணீர் ஓடிக்கொண்டும் மீன்கள் வளர்ந்துகொண்டும் இருந்தால் பெருமளவு கட்டுப்படும்.

100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பு. உரமோ வேளாண்மைத் துறையின் விஷயம். இந்தப் பிரிவினையில் தண்ணீரின் தரத்தைக் கேட்பாரில்லை. மாவட்ட ஆட்சியர் மூன்று தரப்பையும் உட்காரவைத்து, வல்லம் ஒன்றியத்தில் ஓர் ஏரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்நாடு ஈரநில இயக்கம் அதற்கு நிதி தர வேண்டும். மூன்று பருவமழைக் காலங்களுக்கு ஈரநிலத்தில் நுழையும் நீரையும் அதிலிருந்து வெளியேறும் நீரையும் பரிசோதித்து, முடிவுகளைக் கிராம சபையில் படிக்க வேண்டும். பலன் தெரிந்தால் மற்ற ஏரிகளுக்கும் விரிக்கலாம்; தெரியாவிட்டால் விவசாயி தன் நிலத்தில் மறுபடி ஏர் பூட்டலாம். அந்த உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தால், நிலம் தர விவசாயிகள் முன்வருவார்கள்.