ஹைட்ரஜன் பசுமையாகலாம், யூரியா பசுமையாகுமா?

பூவெடுத்து நின்ற உளுந்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல் தம்பி வரப்பில் நின்று செல்போனை நீட்டினார்.

"அண்ணாச்சி, தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுத்து, அதுல உரம் செய்யப் போறாங்களாம். புகையே கிடையாதாம். பிறகு எதுக்கு உளுந்து, தக்கைப்பூண்டுன்னு மெனக்கெடணும்?"

நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்துத் தூத்துக்குடித் துறைமுகத்தையே பசுமை ஹைட்ரஜன் மையமாக்கப் போகிறார்கள். நாளைக்கு உங்கள் ஊர் டீக்கடையிலும் இந்தப் பேச்சு வரும்.

விஷயம் இதுதான். யூரியாவுக்கு முதலில் அம்மோனியா வேண்டும். அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். நம் நாட்டு உர ஆலைகள் அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கின்றன; கூடவே கரியமில வாயுவும் வெளியாகிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அந்த வேலையை விரைவுபடுத்த வினையூக்கி என்ற பொருள் தேவை. ஒருவகை எந்திரத்தில் பிளாட்டினமும் இரிடியமும் போடுகிறார்கள். இரண்டும் கொள்ளை விலை. அதனால்தான் நிக்கல், இரும்பு, கோபால்ட், மாலிப்டினம் போன்ற மலிவான உலோகங்களை வைத்து விஞ்ஞானிகள் முயல்கிறார்கள்.

இந்த முயற்சியை நான் வரவேற்கிறேன். எண்ணெய் சுத்திகரிப்புக்கும் உருக்காலைக்கும் அந்த ஹைட்ரஜன் போகட்டும். அதைக் காட்டி நம் வயலில் இன்னும் யூரியா கொட்டச் சொன்னால் மட்டும் ஒப்பமாட்டேன்.

உலோகம் மலிவானாலும் மின்சாரச் செலவு நிற்காது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 யூனிட் மின்சாரமும், குறைந்தது 9 லிட்டர் சுத்தமான தண்ணீரும் வேண்டும். அது போகட்டும். வயலில் விழுந்த யூரியா, தான் எப்படிப் பிறந்தேன் என்று பார்த்தா வேலை செய்யும்? அதிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும். கிணற்றில் இறங்கும் நைட்ரேட்டும் அப்படியேதான் இறங்கும்.

ஒரு உளுந்துச் செடியை வேரோடு பிடுங்கித் தம்பி கையில் கொடுத்தேன். "இந்த வேர் முடிச்சைக் கிள்ளிப் பாருங்க." உள்ளே இளஞ்சிவப்பு.

"இந்த நிறம் இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். இதுக்குள்ள இருக்கிற பாக்டீரியா இரும்பையும் மாலிப்டினத்தையும் வச்சுத்தான் காத்துல இருக்கிற நைட்ரஜனை அம்மோனியாவா மாத்துது. கொஞ்சம் ஹைட்ரஜனும் வெளியே விடுது. மேலே இருக்கிற இலை, மாங்கனீசை வச்சு வெயில்ல தண்ணியைப் பிரிக்குது. ஆலையில அம்மோனியா செய்ய 400 டிகிரிக்கு மேல சூடு வேணும். இங்க மண்ணோட சூடே போதும்."

மலிவான உலோக வினையூக்கி நம் வயலுக்குப் புதுசு இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அரசு 2023-ல் 19,744 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. அதே அக்கறையோடு பசுந்தாள் உர விதையும் தரமான ரைசோபியமும் பருவத்துக்கு முன்பே ஊர் ஊராக வந்து சேரவேண்டும். நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஒரே போகத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தம்பியிடம் நான் சொல்லவில்லை. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூவெடுக்கும்போது மடக்கி உழச் சொன்னேன். "முதல்ல ஒரு ஏக்கர்ல பாக்கேன் அண்ணாச்சி" என்றார். அது போதும்.