மல்லாட்டை லேப்!

வைவான்னா நமக்கு என்ன ஆகும்? தொண்டை வறளும், தெரிஞ்ச பதில்கூட மறக்கும். போன அக்டோபர்ல எங்கப்பாவுக்கு ஒரு வைவா நடந்துச்சு பாஸ். இடம்: எங்க கொல்லை. கேள்வி கேட்டது மொத்த ஊரும்!

எங்க ஊர் திருவண்ணாமலைப் பக்கம். நீங்க வேர்க்கடலைன்னு சொல்றதை நாங்க மல்லாட்டைன்னு சொல்வோம். ரெண்டு ஏக்கர், சுத்தமா மானாவாரி. மழை பெய்ஞ்சா உண்டு, இல்லேன்னா வானத்தைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். என் செமஸ்டர் ஃபீஸும் அந்த மண்ணுக்குள்ளதான் காய்க்குது. அதனால இது எனக்கும் எக்ஸாம்தான்.

செமஸ்டர் லீவுல நான் வீட்ல இருந்தப்போ, வேளாண் அறிவியல் நிலையத்துலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. "உங்க நிலத்துல அரை ஏக்கர் குடுங்க. விதை, ஜிப்சம் எல்லாம் நாங்க தர்றோம். பக்கத்து அரை ஏக்கர்ல நீங்க வழக்கம்போல பண்ணுங்க. அறுவடையில ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்"னாங்க. இதுக்குப் பேர் செயல்விளக்கத் திடல்.

அப்பா யோசிச்சார். தாத்தா யோசிக்கவே இல்லை. "மழ பேஞ்சா தானா வெளையும். பேயலைன்னா எவன் சொன்னாலும் வெளையாது. அரை ஏக்கரு போனா யாரு குடுப்பா?"

நான் சும்மா இருப்பேனா? "தாத்தா, ஒரே மண்ணு, ஒரே மழை, ஒரே ஆளு. செய்முறை மட்டும் வேற. எங்க லேப்லயும் இப்படித்தான்"னு லெக்சர் அடிச்சேன். "உன் லேப்ல தப்பாச்சுன்னா மார்க்கு போகும். இங்க சோறு போகும்டா"ன்னார். கப்சிப்! ஆனாலும் அப்பா தலையாட்டிட்டார்.

ஜூலை முதல் வாரம் ஒரு நல்ல மழை, விதைப்பு. புது அரை ஏக்கருக்கு முதல்ல விதை நேர்த்தி. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி. வேரழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சை இது. அப்புறம் ரைசோபியம். அடுத்தது இடைவெளி. வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10. அப்படின்னா ஒரு சதுர மீட்டருக்கு 33 செடி. முளைச்சதும் டேப்பை எடுத்துட்டுப் போய் எங்க வழக்கமான பக்கம் எண்ணினேன். 19! விளைச்சல் எங்கே போச்சுன்னு மழையைத் திட்டிட்டு இருந்தோம். பாதி நிலத்துல செடியே இல்லை சார்!

ஆகஸ்ட் 15 லீவுக்குப் போனப்போதான் மேட்டர் சூடு பிடிச்சது. மல்லாட்டை ஒரு விசித்திரமான செடி. பூ வெளியே பூக்கும். அதுலேர்ந்து விழுது இறங்கி, மண்ணுக்குள்ள போய்த்தான் காய் ஆகும். காய் திரள்றதுக்கு கால்சியம் வேணும். ஆனா வேர் உறிஞ்சுற கால்சியம், தண்ணியோட சேர்ந்து இலைக்கு ஏறிடும். திரும்பக் கீழே இறங்கி காய்க்கு வர்றது ரொம்பக் கம்மி. ஒன்வே டிராஃபிக்! அதனால மண்ணுக்குள்ள இருக்கிற காய் தன்னைச் சுத்தி இருக்கிற மண்ணுலேர்ந்து தானே எடுத்துக்கணும். அங்கே கால்சியம் இல்லேன்னா பொக்குதான். உடைச்சா உள்ளே காத்து.

அதுக்குத்தான் ஜிப்சம். அதுல கால்சியமும் இருக்கு, எண்ணெய்ச் சத்துக்கு வேண்டிய கந்தகமும் இருக்கு. ஏக்கருக்கு 160 கிலோ, 40-45ஆம் நாள்ல செடி ஓரமாப் போட்டு மண் அணைக்கணும். மண் இளகினாத்தான் விழுதும் சுலபமா இறங்கும். ஆனா ஈரம் வேணுமே! மண்ணு பாளமா கிடந்துச்சு. எங்க பங்கு 80 கிலோ ஜிப்சம் திண்ணையில தூங்குச்சு. "மானாவாரிக்கு 75 நாள் வரைக்கும் ஈரம் பார்த்துப் போடலாம்"னு வந்தவங்க தைரியம் சொன்னாங்க. தாத்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... ஹாஸ்டலுக்கு ஓடி வந்துட்டேன்.

அடுத்த வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு போன். அப்பா! பயந்துபோய் எடுத்தா, "மழ கொட்டுதுடா, காலையில ஜிப்சம் போட்டுருவோம்". இன்டர்னல்ல பாஸானப்பகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

இப்ப வைவாவுக்கு வருவோம். அக்டோபர் மத்தியில அறுவடை. ஊர்க்காரங்க முப்பது பேர் வரப்புல. ரெண்டு பக்கமும் கண்ணை மூடிட்டு பத்து பத்து செடி பிடுங்கி காயை எண்ணினோம். பழைய பக்கம் செடிக்குச் சராசரி 11. புதுப் பக்கம் 16. பொக்கும் பாதிக்குப் பாதி குறைஞ்சிருந்துச்சு. நான் கைதட்ட ரெடி. அப்பதான் பின்னாடியிருந்து ஒரு மாமா கேட்டார்: "உனக்கு விதையும் மருந்தும் சும்மா வந்துச்சு. எங்களுக்கு யார் குடுப்பா?"

செம கேள்வி! அந்த முப்பது பேருக்கும் ஜிப்சம் பத்தித் தெரியாம இல்லை. விதைப்புக்கே கடன் வாங்கினவன், மழை வருமா வராதான்னு தெரியாத 45ஆம் நாள்ல மறுபடி எப்படிச் செலவு பண்ணுவான்? 1903ல அமெரிக்காவுல சீமான் நாப் என்பவர் டெக்சாஸ் மாநிலம் டெரல் ஊர்ல ஒரு விவசாயி நிலத்துலயே இப்படிச் செஞ்சு காட்டினார். அப்போ நஷ்டம் வந்தா ஈடுகட்ட ஊர் வியாபாரிங்க முன்கூட்டியே பணம் திரட்டி வெச்சாங்களாம். நாம இன்னும் அந்தப் பாதியைச் சரியாப் படிக்கலையோன்னு தோணுது.

அப்பாவோட பதில் சிம்பிள். "எல்லாத்தையும் செய்யாத. நெருக்கமா விதை, ஜிப்சம் போடு. ரெண்டு மட்டும் செஞ்சு பாரு. விதையோட பார்த்தா ஜிப்சம் காசு கம்மிதான். அடுத்த வருஷம் நான் என் காசுலதான் ரெண்டு ஏக்கருக்கும் போடப் போறேன்."

முப்பது பேர்ல நாலு பேர் தலையாட்டினாங்க. அதுல ஒருத்தர் எங்க தாத்தா! ஆனா வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "மழ பேஞ்சுது, அதனாலதான் வெளைஞ்சுது"ன்னார்.

"பக்கத்துலயும் அதே மழைதானே தாத்தா?"

பதில் சொல்லலை. ஒரு பிடி அவிச்ச மல்லாட்டையை என் கையில திணிச்சார். ஒண்ணுகூடப் பொக்கு இல்லை!