ஜெபம் வந்தால் பிரச்சாரமா?

போன மாதம் ஓர் இதழுக்குச் சிறுகதை அனுப்பினேன். நாவலூரில் ஐடி வேலை பறிபோன ஒருவனும் அவன் அம்மாவும் வாடகை வீட்டில் கழிக்கிற ஒரு வாரம்தான் கதை. ஆசிரியர் போனில் அழைத்தார். “நல்லா இருக்குங்க. ராத்திரி அந்தம்மா முழங்கால் போட்டு ஜெபம் பண்றது மட்டும் பிரச்சாரமா தெரியுது. எடுத்துடலாமா?”

அதே கதையில் வீட்டு ஓனர் கிருத்திகை தவறாமல் திருப்போரூர் போய்வருகிறார். அது உறுத்தவில்லையா என்று கேட்டேன். அது பண்பாடாம்!

நம்பிக்கையை வாசலில் கழற்றிவைத்துவிட்டு எழுத வேண்டும் என்பவர்கள் மாயூரம் வேதநாயகம் பிள்ளையைக் காட்டுவார்கள். கத்தோலிக்கர், தேவமாதா மீது அந்தாதி பாடியவர். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திலோ நாயகன் முதலியார் வீட்டுப் பிள்ளை. சரி. ஆனால் அந்த நாவலைத் திறந்து பாருங்கள், கதையை நிறுத்தி நிறுத்தி நீதி சொல்கிறார். பிரச்சாரம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. மதத்தின் பெயர் இல்லாததால் தப்பித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மாறாக ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964). பனையேறியின் மகனை விரும்பும் லிஸியை மறிப்பது குடும்பத்தின் அந்தஸ்து. கிறிஸ்தவ வீடுதான் அது. ஹெப்சிபா யாரையும் மனம் திருப்பவில்லை. அந்த வீட்டின் பெருமை மெல்ல உளுத்துப்போவதை, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கிறார். வெறுப்பில்லாமல் பார்க்கிறார். அந்தப் பரிவு அவருடைய விசுவாசத்திலிருந்து வந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

பாமாவின் ‘கருக்கு’ (1992) இதற்கு நேர் எதிர்த் தொனி. ஏழு ஆண்டுகள் கன்னியர் மடத்தில் இருந்து, அங்கும் சாதியைக் கண்டு வெளியேறியவர். ஏழைகளின் பக்கம் நின்ற இயேசுவை நம்பியதால்தான் மடத்தின் சொகுசு அவரை அப்படிச் சுடுகிறது. நம்பாதவருக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வரும்? அதை எடுத்துவிட்டால் புத்தகத்தில் என்ன மிஞ்சும்?

நம்ம ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கதையைப் படித்த சபை அண்ணன் ஒருவர் வருத்தப்பட்டார். “ஜெபம் பண்றாங்க, ஆனா கடைசி வரைக்கும் வேலை கிடைக்கலையே தம்பி? சாட்சியா முடிச்சிருக்கலாமே.” அற்புதம் நடந்தே தீர வேண்டிய கதையில் ஜெபத்துக்கு என்ன வேலை இருக்கிறது? ஆசிரியர் சொன்ன பிரச்சாரம் உண்மையில் இதுதான். அவர் அதைத் தப்பான இடத்தில் பார்த்துவிட்டார்.

அந்தம்மா ஜெபித்து முடித்து, எழுந்து, மறுநாளுக்கு அரிசி ஊறப்போடுகிறாள். மகனுக்கு மெயில் எதுவும் வரவில்லை. ஒரு வரியும் மாற்ற முடியாது என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். கதை என் லேப்டாப்பில்தான் கிடக்கிறது.