எழுதி வைத்ததே நம் சொத்து

பிழைப்புத் தேடி வந்த நம் குடும்பங்களின் கதையைத் தொலைக்காட்சித் தொடராக்க நம் பிள்ளைகள் கிளம்பியிருக்கிறார்கள். மனமார வரவேற்கிறோம். குழாயடிச் சண்டையும், ஒற்றை அறைக் குடித்தனமும், மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணமும் நம்மைவிட யாருக்குத் தெரியும்? ஆனால், தயாரிப்பாளரின் வாசற்படி ஏறுமுன் ஒரு பழைய வழக்கை அறிந்துகொள்ளுங்கள்.

1954-இல் ஆர்.ஜி. ஆனந்த் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை டெல்லியில் மேடையேற்றினார். பஞ்சாபிக் குடும்பத்துக்கும் 'மதராஸி'க் குடும்பத்துக்கும் இடையே பிள்ளைகளின் காதலால் எழும் மோதலே கதை. படமாக்கும் பேச்சு வந்தபோது முழுக் கதையையும் விவரித்தார். 1956-இல் 'நியூ டெல்லி' படம் வெளிவந்தது. அதிலும் பஞ்சாபி இளைஞன், தமிழ்ப் பெண்! ஆனந்த் வழக்காடினார். 1978-இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கை ஏற்கவில்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை வடித்த விதத்துக்கே உண்டு. படம் அதே கருத்தை வேறு விதமாகச் சொல்லியிருக்கிறது என்றது.

தோழர்களே, 'ஒன் லைன்' மட்டும் சொன்னால் அது காற்றோடு போகும். பாத்திரங்கள், வசனங்கள், முதல் சில பகுதிகள் அனைத்தையும் எழுதுங்கள். மும்பைத் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். எழுதிய தேதிக்கு அது சாட்சி. யாரிடம், என்று கொடுத்தோம் என்பதையும் குறித்து வையுங்கள்.

கருவை யாரும் எடுத்துக்கொள்ளலாம். நாம் வாழ்ந்த விவரம் நம்மிடம்தான் இருக்கிறது. அதை முதலில் நாமே எழுதுவோம்!