கண்ணகைக்கு ஏன் பெயர் மாத்தினீங்கள்?

"பெயரில என்ன கிடக்கு, தெய்வம் ஒண்டுதானே?" கோயில் விசயம் கதைக்கத் தொடங்கினால் பெரியாக்கள் சொல்லுற முதல் கதை இது. சரி, பெயரில ஒண்டுமில்லை எண்டால் ஏன் மாத்தினீங்கள்?

புங்குடுதீவில் சனம் இண்டைக்கும் கண்ணகை அம்மன் எண்டுதான் சொல்லுது. கோயிற் பெயரோ இராஜராஜேஸ்வரி. யாழ்ப்பாணத்தில் இப்படிப் பெயர் மாறிய கண்ணகை கோயில்கள் பல.

இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. கண்ணகி என்பதைக் கண், நகை என்று பிரித்து, கண்ணில் சிரிப்புள்ளவள் என்று பொருள் சொல்வது வழக்கம். 'கண்ணகை' என்ற எங்கட உச்சரிப்பில் அந்த நகை இன்னும் இருக்கு. அவள் அரசியில்லை, எந்தக் கடவுளின் மனைவியுமில்லை. புகாரில் பிறந்த வணிகர் வீட்டுப் பெண். ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவைக்குப் போய், நீ கொன்றது கள்வனையல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னவள். இராஜராஜேஸ்வரி என்றால் அரசர்க்கரசரையும் ஆளும் ஈஸ்வரி. அரசனை அவன்ர அவையிலேயே குற்றவாளியாக்கினவளுக்கு வைக்கக் கிடைத்த பெயர் இதுதானோ?

19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். அவருக்கு அவள் சமணச் செட்டிச்சி. மிஷனரிகளோடு மல்லுக்கட்டியவருக்குச் சைவத்தின் எல்லையை இறுக்க வேண்டியிருந்தது, அது விளங்குது. ஆனால் ஆகமத்தில் கண்ணகிக்கு இடமில்லை. கோயிலை ஆகமப்படி நடத்த ஆகமத்திலுள்ள ஒருத்தி வேணும். இருக்கிறவளை வெளியே அனுப்பச் சனம் விடாது. ஆகவே பெயரை மாத்தினார்கள். வீட்டுக்காரியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு உறுதியை வேறொருத்தியின் பெயரில் எழுதின மாதிரி.

வடசொல் என்பதால் வந்த கோபமில்லை இது. சிங்களவர் அவளைக் கும்பிடுகிற 'பத்தினி' என்ற பெயரும் வடமொழிப் 'பத்னி'தான். ஆனால் அந்தப் பெயரோடு அவளின் கதையும் கூடவே இருக்கு.

கிழக்கைப் பாருங்கோ. தம்பிலுவில், காரைதீவுப் பக்கம் வைகாசியில் சடங்கு நடக்கும். பூசை செய்பவர் கப்புகனார். கண்ணகி வழக்குரை படிப்பினம், குளிர்த்தியோடு முடிப்பினம். மதுரையை எரித்தவளின் சூட்டைத் தணிக்கிற சடங்கு அது. இராஜராஜேஸ்வரிக்கு என்னத்துக்குக் குளிர்த்தி? அவளுக்கு யாரிலும் வழக்கில்லையே.

எங்கட ஊர்க் கோயிலும் பெயர் மாறினதுதான். அடுத்த திருவிழா நோட்டீசில் அடைப்புக்குறிக்குள்ளயாவது 'கண்ணகை' எண்டு போடச் சொல்லி நிர்வாகத்திட்டக் கேட்டம். யோசிப்பம் எண்டிருக்கினம்.